முட்டி வலிக்கும் அம்மாவோடு லீசியக் கரை: ஒன்பது நாளில் எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

தேன்சிட்டு:

எல்லாருக்கும் வணக்கம். அக்டோபர் இரண்டாம் வாரம் நானும் அம்மாவும் துருக்கி போறோம். இஸ்தான்புல் இந்தத் தடவை இல்லை. அந்தால்யாவில் இறங்கி, லீசியான்னு பழைய பேர் உள்ள கரையோரமாவே மேற்கே போய், பெத்தியே தாண்டி தலமான் விமான நிலையத்தில் ஏறித் திரும்பணும். கையில் முழுசா ஒன்பது நாள்.

அம்மாவுக்கு 63. நல்லா நடப்பாங்க, ஆனா இடது முட்டி தகராறு. ஏறுறதைவிட இறங்குறதுதான் கஷ்டம். பழைய ஊர், கல்வெட்டு, கோயில்னா உயிரை விடுவாங்க. நான் நேர் எதிர். கடலைப் பார்த்து உட்கார ஒரு நாற்காலி கிடைச்சா போதும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

எக்செல்லில் பதினேழு இடம் சேர்த்து வெச்சிருக்கேன். சிடே, அஸ்பெண்டோஸ், பெர்கே, தெர்மெசோஸ், பாசெலிஸ், ஒலிம்போஸ், மீறா, கெக்கோவா, காஷ், பத்தாரா, சாந்தோஸ், லெத்தூன், இன்னும் கொஞ்சம். இதில் முட்டி வலியோட எது முடியும்? எந்த ஊரில் எத்தனை ராத்திரி? கார் இல்லாம நடக்குமா? அப்புறம் அந்த மூழ்கின நகரம்: போட்டோவில் காட்டுற மாதிரி நிஜமாவே தெரியுமா? அம்மா அதைப் பத்தியே பேசிக்கிட்டிருக்காங்க.


பழைய_பாலம்:

முதல் வேலையா பதினேழில் பத்தை அடிச்சுடுங்கம்மா. கோவிச்சுக்காதீங்க, நானும் இப்படி ஒரு பட்டியலோட போனவன்தான். நாலாம் நாள் என் மனைவி, "இன்னொரு தூண் காட்டினீங்கன்னா நான் ரூமைவிட்டு வரமாட்டேன்"னு சொல்லிட்டா. அன்னையிலிருந்து நாளைக்கு ஒரே ஒரு இடிபாடு, மிச்சப் பொழுது கடல்னு ஒப்பந்தம். சண்டை நின்னுச்சு.

நான் முப்பத்திரண்டு வருஷம் பாலமும் வாய்க்காலும் கட்டின ஆள், இப்போ ஓய்வு. ஒரு பழைய ஊருக்குள்ள நுழைஞ்சா சிலை, கோபுரம் எல்லாம் எனக்கு அப்புறம்தான். தண்ணி எங்கேருந்து வந்துச்சு, எப்படி வெளியே போச்சுன்னுதான் கண்ணு தேடும். அதனால் நான் சொல்றதில் கொஞ்சம் ஒருபக்கச் சாய்வு இருக்கும், பொறுத்துக்குங்க.

அம்மாவுக்கு முதல் இடம் பெர்கே. சந்தேகமே வேண்டாம். அந்தால்யாவிலிருந்து டிராமிலேயே அக்சு வரைக்கும் போயிடலாம், அங்கிருந்து ரெண்டு கிலோமீட்டர். டாக்சி வெச்சுக்குங்க, முட்டியை உள்ளே நடக்கிறதுக்கு மிச்சம் பிடிங்க. கீழ் ஊர் முழுக்கச் சமதளம். ரெண்டு வட்டக் கோபுரம் நிக்கிற பழைய வாசலைத் தாண்டினா, தூண் வரிசை வெச்ச நேர் தெரு. அந்தத் தெருவுக்கு நடுவிலே, ஓரத்தில் இல்லை, நட்ட நடுவிலே, ஒரு வாய்க்கால் ஓடுது. வடக்குக் கோடியில் ஒரு நீரூற்று மண்டபம். அதில் கெஸ்த்ரோஸ் ஆற்றுத் தெய்வம் ஒருக்களிச்சுச் சாஞ்சு கிடப்பார், அவர் காலடியிலிருந்து தண்ணி இறங்கித் தெரு நெடுக வரும். வாய்க்காலுக்குள்ள அங்கங்கே குறுக்குக் கல் நட்டிருக்கான் பாருங்க. சரிவில் வேகமா ஓடாம, ஒவ்வொரு தடுப்பிலும் கொஞ்சம் தேங்கி நின்னு வழியணும்னு ஏற்பாடு. அந்த வெயிலில் தெரு முழுக்க ஈரக்காத்து வீசியிருக்கும். நான் அரைமணி நேரம் குனிஞ்சே நடந்தேன். மனைவி தூண் எண்ணிக்கிட்டு முன்னாடி போயிட்டா.

அதே வாசலுக்குள்ள பிளாங்கியா மாக்னான்னு ஒரு அம்மாளோட பேரைத் தேடச் சொல்லுங்க. இரண்டாம் நூற்றாண்டு ஆரம்பத்தில் இந்த வாசல் முற்றத்தைச் சொந்தக் காசில் சிலைகளோட அலங்கரிச்சவங்க. ஊர்ப் பதவியும் வகிச்சிருக்காங்க. கூம்பைக் குறுக்கே வெட்டினா நீள்வட்டம், பரவளையம் எல்லாம் வரும்னு பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்போமே, அந்தக் கணக்கை எழுதி வெச்ச அப்போலோனியஸ் இந்த ஊர்க்காரர்தான்.

இரண்டாவது அஸ்பெண்டோஸ். எல்லாரும் அரங்கத்துக்குத்தான் போவாங்க, போக வேண்டியதுதான். இரண்டாம் நூற்றாண்டில் செனோன்னு ஒரு கட்டடக்காரர் கட்டினது, மேடைச் சுவர் இன்னும் முழு உயரத்தில் நிக்குது, 1994 முதல் ஓபரா விழா நடக்குது. கீழ் வரிசையில் உட்கார்ந்தே எல்லாம் பார்த்துடலாம், ஏற வேண்டியதில்லை. ஆனா நான் சொல்ல வந்தது வேற.

அரங்கத்துக்கு வடக்கே வயலுக்கு நடுவில் ரெண்டு கோபுரம் தெரியும், ஒவ்வொண்ணும் ஏறத்தாழ 30 மீட்டர் உயரம் இருந்தது. மலையிலிருந்து வர்ற தண்ணி பள்ளத்தில் இறங்கி, மறுபடி மேட்டு நகரத்துக்கு ஏறணும். பம்பு கிடையாது. கல்லைக் குடைஞ்சு குழாய் பண்ணி, ஒண்ணோட ஒண்ணு பொருத்தி, தண்ணியோட அழுத்தத்தாலேயே ஏத்தியிருக்கான். குழாய் திரும்புற ரெண்டு இடத்திலும் அந்தக் கோபுரம். சரி, அந்தக் கல் குழாயெல்லாம் இப்போ எங்கே? இங்கேதான் வேடிக்கை. அஸ்பெண்டோஸ் போற வழியில் ஆற்றுக்கு மேல ஒரு பழைய பாலம் இருக்கு, பதிமூணாம் நூற்றாண்டில் செல்ஜுக் சுல்தான் காலத்தில் எழுப்பினது. அதோட சுவரை உத்துப் பாருங்க. நடுவில் வட்ட ஓட்டை போட்ட கல் அங்கங்கே பதிஞ்சிருக்கும். தண்ணி வரத்து நின்னப்புறம் குழாய்க்கல்லைப் பிடுங்கிப் பாலத்துக்குப் போட்டிருக்காங்க.

இன்னொண்ணு, பாலம் நேரா இருக்காது. நடுவில் ஒடிஞ்சு திரும்பும். ரோமாக்காரன் கட்டின பாலம் இடிஞ்சு, அடித்தளம் இடம் பெயர்ந்து கிடந்துச்சு. செல்ஜுக் கொத்தனார் அதைத் தோண்டி எடுக்கலை. கிடந்த கல் மேலேயே தூணை எழுப்பி, தூண் எங்கே நிக்குதோ அங்கே பாலத்தைத் திருப்பிட்டார். நான் வேலை பார்த்த காலத்தில் இப்படி ஒரு வரைபடத்தை நீட்டியிருந்தா என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. எண்ணூறு வருஷமா நிக்குது. டாக்சிக்காரரிடம் அஞ்சு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க.

சிடேயை விடலாம். கடலோர அப்போல்லோ கோயிலின் அஞ்சு தூணும் மாலை வெயிலில் அழகுதான், ஆனா நீங்க போறது மேற்கே, அது கிழக்கே. தெர்மெசோஸ் வேண்டவே வேண்டாம். அலெக்சாந்தரே கி.மு. 333இல் வந்து பார்த்துட்டு, பிடிக்க முடியாம விட்டுட்டுப் போன மலைக்கோட்டை. ஆயிரம் மீட்டருக்கு மேலே, பாதை முழுக்கச் சரளைக் கல். வழவழப்பான செருப்போட போய் நான் விழுந்ததில் முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கு.

மேற்கே பாசெலிஸ், பத்தாரா, லெத்தூன் மூணும் சமதளம். பாசெலிஸில் மூணு துறைமுகம், நடுவில் ஒரு அகலத் தெரு, பைன் மரத்து நிழல். அம்மா தெருவில் கல் பார்க்கட்டும், நீங்க பக்கத்திலேயே தண்ணியில் இறங்கலாம். உங்க ரெண்டு பேருக்கும் சண்டை வராத ஒரே ஊர் அதுதான்.

பத்தாராவுக்கு ஒரு முழு நாள். லீசியாவின் இருபத்து மூணு நகரங்களும் சேர்ந்து ஒரு கூட்டாட்சி வெச்சிருந்தாங்க. பெரிய ஊருக்கு மூணு ஓட்டு, நடுத்தரத்துக்கு ரெண்டு, சின்னதுக்கு ஒண்ணுன்னு பழைய கிரேக்க நிலவியல் எழுத்தாளர் ஸ்திராபோ எழுதியிருக்கார். அந்தச் சபை கூடின மண்டபத்தைத் திருப்பி எடுத்துக் கட்டியிருக்காங்க. பல நூற்றாண்டு மணல் மூடிக் கிடந்த ஊர் அது. அரங்கத்துக்குள்ளேயே மணல் ரொம்பிக் கிடந்துச்சாம். துறைமுகம் தூர்ந்து இப்போ நாணல் காடு. அதைத் தாண்டினா கடற்கரை, கண்ணுக்கு எட்டின வரை மணல். இடிபாட்டுக்கும் கடற்கரைக்கும் ஒரே டிக்கெட்.

ஒரு எச்சரிக்கை. ஒரே நாளில் மீறா, கெக்கோவா எல்லாம் காட்டுற சுற்றுலாப் பேருந்தில் ஏறாதீங்க. நாங்க ஏறினோம். மீறாவில் குடைவரைக் கல்லறைகளுக்கும் அரங்கத்துக்கும் சேர்த்து இருபத்தஞ்சு நிமிஷம். திரும்பி வர்ற வழியில் கம்பளக் கடையில் ஒண்ணேகால் மணி நேரம். டீ மட்டும் நல்லா இருந்துச்சு.


மலைமேல்_ஆடு:

பாலம் சார் சொன்னதில் முக்கால்வாசிக்கு ஒத்துக்கறேன். ஆனா சார் கார் வெச்சிருந்தார்னு நினைக்கிறேன், அதை மறந்துட்டு எழுதுறார். பாசெலிஸ் போற பஸ் உங்களை நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுட்டுப் போயிடும். அங்கிருந்து இடிபாடு நல்ல நடை. முட்டியோட அது நடக்காது. பக்கத்து ஊரான தெக்கிரோவாவில் டாக்சி எடுங்க, திரும்பி வரவும் அதே டாக்சியை நேரம் சொல்லி வரச் சொல்லுங்க. உள்ளேயிருந்து டாக்சி பிடிக்கலாம்னு நம்பி நிக்காதீங்க.

மத்தபடி கார் இல்லாம தாராளமா நடக்கும். அந்தால்யா பேருந்து நிலையத்திலிருந்து காஷ் வரைக்கும் கரையோரமா நடுத்தர பஸ் ஓடுது, மூணரை மணி நேரம் வைங்க. இடது பக்கச் சீட்டு பிடிங்க, கடல் முழுக்க அந்தப் பக்கம்தான். சின்ன தூரத்துக்கு டோல்முஷ், அதாவது ஆள் ரொம்பினா கிளம்புற வேன். இறங்கணும்னா "இனெஜெக் வார்"னு சத்தமா சொல்லணும், இறங்குற ஆள் இருக்குன்னு அர்த்தம். முதல் தடவை கூச்சப்பட்டு ரெண்டு கிலோமீட்டர் தாண்டிப் போயிட்டேன்.

எனக்குக் கருத்து வேறுபாடு தங்குற இடத்தில். அந்தால்யாவில் ரெண்டு ராத்திரிக்கு மேல் எதுக்கு? பழைய ஊர் கலேஇச்சி அழகுதான், கி.பி. 130இல் ரோமப் பேரரசர் ஹத்ரியான் வந்ததுக்காகக் கட்டின மூணு வளைவு வாசலில் கல் தரையில் வண்டிச் சக்கரத் தடம் தெரியும். ஆனா அதுக்கு ஒரு சாயங்காலம் போதும். அடுத்த ரெண்டு ராத்திரி சிராலியில் இருங்க. ஒரே தெரு, ஆரஞ்சுத் தோட்டத்துக்குள்ள தங்கும் அறை, மூணு கிலோமீட்டர் கூழாங்கல் கரை. கடலாமை முட்டையிடுற இடம்கிறதால பெரிய ஹோட்டல் எழும்பலை. கரையோட தெற்குக் கோடியில் நடந்தா ஒலிம்போஸ் இடிபாட்டுக்குள்ளேயே போயிடுவீங்க. ஓடைக்கு ரெண்டு பக்கமும் சுவரும் கல்லறையும், மேலே கொடி. பெர்கே மாதிரி பளிச்சுன்னு இருக்காது. பாதி காடு தின்னுட்ட ஊர்.

சிராலிக்கு மேலே யனார்தாஷ், மலைப் பாறை இடுக்கில் இயற்கை வாயு கசிஞ்சு எரியுற இடம். ஆயிரக்கணக்கான வருஷமா அணையலை. நெருப்பு கக்குற கிமேராங்கிற கிரேக்கப் புராண மிருகத்தோட கதை இங்கேருந்து வந்ததா சொல்வாங்க. அம்மாவை ஏத்தாதீங்க. ஒழுங்கில்லாத படி, எல்லாரும் ராத்திரியில்தான் போவாங்க, இறங்குறப்போ டார்ச் வெளிச்சத்தில் நமக்கே கால் நடுங்கும். நீங்க மட்டும் போயிட்டு வாங்க, அம்மாவுக்கு வீடியோ.

நான் அங்கே போனது லீசியப் பாதை நடக்க. 1999இல் கேட் குளோங்கிற அம்மா சிவப்பு வெள்ளைக் கோடு போட்டுத் திறந்த நடைபாதை, ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கால்கன் பக்கத்தில் தெலிக்கெமர்னு ஒரு இடம் பாதையிலேயே வருது. பாலம் சார் பார்த்தீங்களா? பத்தாராவுக்குத் தண்ணி போன கல் குழாய், பள்ளத்துக்குக் குறுக்கே சுவர் கட்டி மேலே வரிசையா வெச்சிருக்கு.


பழைய_பாலம்:

அய்யோ, கார் வெச்சிருந்ததை மறந்தேதான் எழுதினேன். ஆடு சொன்னதையே கேளுங்கம்மா.

தெலிக்கெமர் பார்க்காம வருவேனா! பார்க்கிறதுக்காகவே மண் பாதையில் வாடகைக் காரை ஓட்டி, மனைவிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பக்கம் உதடு மாதிரி வளையம், மறுபக்கம் அது உட்காருற குழி. ஓட்டையில் கையை விட்டா என் முழங்கை வரை போச்சு. உள்சுவரில் சுண்ணாம்புப் படிவு சொரசொரன்னு கையில் தட்டுப்பட்டுச்சு. எவ்வளவு காலம் தண்ணி ஓடியிருந்தா அந்தப் படிவு வரும்னு கணக்குப் போட்டுக்கிட்டே நின்னேன். பூகம்பத்தில் உடைஞ்சு, ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் காலத்தில் பழுது பார்த்ததா கல்வெட்டே இருக்கு. பழுதுபார்ப்பு வேலைக்கும் கல்வெட்டு! நான் பண்ணின பழுதுபார்ப்புக்கெல்லாம் தணிக்கைக் கேள்விதான் வந்துச்சு.


உப்புக்காற்று:

காஷுக்கு நான் பொறுப்பு. டைவிங் கத்துக்க ஒரு வாரம்னு போய் மூணு வாரம் இருந்தவள்.

மூணு ராத்திரி அங்கே இருங்க. ஊரே கைக்குட்டை அளவு. நீளக் கடைத்தெருவில் ஏறிப் போனா, தெரு முடியுற இடத்தில் ஒரு கல்லறைப் பெட்டி நிக்கும், மூடியில் சிங்கத் தலைகள் நீட்டிக்கிட்டிருக்கும். சுத்தி வேலி மாதிரி எதுவும் உறுத்தாது, கடைக்காரங்க நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாங்க. லீசியக்காரங்க செத்தவங்களை ஊருக்கு வெளியே தள்ளி வைக்கலை, நடுவீட்டில் வெச்சுக்கிட்டாங்கன்னு அங்கே புரியும். மூடியை உத்துப் பார்த்தா கவிழ்த்த படகு மாதிரி இருக்கும். மலைமுகப்புக் கல்லறைகளில் மரவீட்டு உத்தர நுனியைக்கூடக் கல்லில் செதுக்கியிருப்பாங்க. கல்லறையைத் திறந்தா இவ்வளவு அபராதம்னு எழுதி வெச்சதும் உண்டு.

துறைமுகத்திலிருந்து மேற்கே பத்து நிமிஷம் நடந்தா பழைய அரங்கம், இருபத்தாறு வரிசை, மேடையே கிடையாது, நேரா கடல். சாயங்காலம் ஊர்க்காரங்க சூரியகாந்தி விதை கொறிச்சுக்கிட்டு வந்து உட்காருவாங்க. அம்மா முதல் வரிசை, நீங்க கடைசி வரிசை.

1982இல் இந்த ஊருக்குத் தென்கிழக்கே உலுபுருன் முனையில் ஒரு கடற்பஞ்சு எடுக்கிறவர் மூழ்கிட்டு வந்து, கீழே காது வெச்ச உலோக பிஸ்கட் கிடக்குன்னு சொன்னார். போய்ப் பார்த்தா கி.மு. பதினாலாம் நூற்றாண்டுக் கப்பல். பத்து டன் செம்பு, ஒரு டன் தகரம், கண்ணாடிக் கட்டி, யானைத் தந்தம். பிஸ்கட்னு சொன்னது செம்புப் பாளம், நாலு மூலையும் பிடிச்சுத் தூக்குற மாதிரி நீண்டிருக்கும். 1984 முதல் 94 வரை இருபத்தீராயிரம் தடவைக்கு மேல் மூழ்கி எடுத்தாங்க. எல்லாம் இப்போ போத்ரும் அருங்காட்சியகத்தில். ஆழம் நாற்பது மீட்டருக்கு மேலே, நானெல்லாம் கிட்டவே போக முடியாது. எதிரே தெரியுற மெயிஸ் தீவு கிரீஸ். படகு இருபது நிமிஷம்தான், ஆனா ஷெங்கன் விசா இல்லாம ஏத்தமாட்டாங்க.

நீங்க சைவமான்னு சொல்லலை, ஒருவேளை இருந்தா: காலையில் பிரச்சினையே இல்லை, ஆலிவ், தக்காளி, வெள்ளரி, வெண்ணெய்க்கட்டி, தேன்னு மேசையை நிரப்பிடுவாங்க. மதியம் கோஸ்லேமே. மெல்லிசா உருட்டின மாவுக்குள்ள கீரையோ உருளைக்கிழங்கோ வெச்சு மடிச்சு, குமிழ்த் தகட்டில் சுட்டுத் தருவாங்க. கூட அய்ரான், நம்ம மோரேதான். ஏமாத்துறது பருப்பு சூப். பார்க்கச் சைவமா இருக்கும், சில இடத்தில் எலும்புச் சாறு ஊத்தியிருப்பாங்க. "எத் சுயு வார் மு?"ன்னு கேட்டுடுங்க. ஆலிவ் எண்ணெயில் சமைச்சு ஆறவெச்ச காய்கறி வகைகள் எல்லாக் கடையிலும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும், கையைக் காட்டினா போதும்.

விலை யாரும் எழுதாதீங்க, அடுத்த மாசமே பொய்யாயிடும். டோல்முஷுக்குச் சில்லறை லீரா கையில் வெச்சுக்குங்க.


தேன்சிட்டு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நாங்க முட்டைகூடச் சாப்பிடாத சைவம், அதனால் சூப் விஷயம் தங்கம்.

புதுத் திட்டம்: அந்தால்யா 2 ராத்திரி (பெர்கே ஒரு நாள், அஸ்பெண்டோஸ் ஒரு நாள்), சிராலி 2, காஷ் 3, பத்தாராவின் கெலெமிஷ் கிராமத்தில் 2. பதினேழு ஒன்பதாச்சு. அம்மா இன்னும் ரெண்டைத் திருப்பிச் சேர்க்கப் பார்க்கிறாங்க: சாந்தோஸும் மூழ்கின நகரமும். இந்த ரெண்டையும் பத்தி நேர்மையா சொல்லுங்களேன்.


மலைமேல்_ஆடு:

சாந்தோஸ்: கெலெமிஷிலிருந்து டாக்சி பேசி லெத்தூனையும் சேர்த்து அரை நாளில் முடிக்கலாம். ரெண்டும் 1988லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் ஒண்ணாத்தான் இருக்கு. பாரசீகப் படை வந்தப்போ பெண்டு பிள்ளைகளைக் கோட்டைக்குள் வெச்சுத் தீ மூட்டிட்டு, வெளியே போய்ச் சண்டை போட்டுச் செத்த ஊர்னு கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோதோத்தஸ் எழுதியிருக்கார். கி.மு. 42இல் ரோமாக்காரன் புரூட்டஸ் படையோட வந்தப்போ திரும்பவும் அதே மாதிரி. அம்மாவுக்குக் கதையை முன்னாடியே சொல்லிக் கூட்டிட்டுப் போங்க, ஏன்னா அங்கே நிக்கிற சிற்பத்தில் பாதி வார்ப்பு. அசலை 1840களில் சார்ல்ஸ் பெல்லோஸ்ங்கிற ஆங்கிலேயர் கப்பலில் ஏத்தி லண்டனுக்குக் கொண்டுபோயிட்டார்.

லெத்தூனில் மூணு கோயில் பக்கத்துப் பக்கத்தில், லேத்தோ தெய்வத்துக்கும் அவளோட ரெட்டைப் பிள்ளைகள் ஆர்த்தெமிஸ், அப்போல்லோவுக்கும். பாதி இடத்தில் தண்ணி நிக்கும். ரெட்டைக் குழந்தையோட தாகமா வந்த லேத்தோவைக் குடிக்கவிடாம சேறாக்கின ஊர்க்காரங்களைத் தவளையாக்கிட்டான்னு கதை. தவளை இன்னும் கத்துது.


பழைய_பாலம்:

மூழ்கின நகரம். நேர்மையா சொல்லணும்னா, போட்டோவை நம்பிப் போகாதீங்க. தண்ணிக்கடியில் தெருவும் கோபுரமும் தெரியும்னு நினைச்சா ஏமாத்தம். இரண்டாம் நூற்றாண்டுப் பூகம்பங்களில் கெக்கோவா தீவின் வடகரை கீழே இறங்கிடுச்சு. படகு கரையை ஒட்டி மெதுவாப் போகும். பாறையில் வெட்டின படிக்கட்டு ஒண்ணு மேலேருந்து இறங்கி வரும், நாலு படி வெளியே, அஞ்சாவது படி பச்சையா தண்ணிக்குள்ள, ஆறாவது மங்கல், அப்புறம் இல்லை. வீட்டுச் சுவர் அடித்தளம், உத்தரம் சொருகின சதுர ஓட்டைகள். அவ்வளவுதான். அங்கே நீந்தவும் முழுகவும் தடை, அதனால் யாரும் கிட்டப் போய் எடுத்த போட்டோ அது கிடையாது. எனக்கு அந்த அஞ்சாவது படி போதுமா இருந்துச்சு.

காஷிலிருந்து முழுநாள் படகு எடுக்காதீங்க. தரைவழியா உச்சாஸ் போய், அங்கிருந்து சின்னப் படகைத் தனியா பேசினா தூரம் கம்மி, நீங்க சொன்ன இடத்தில் நிறுத்துவான். எதிரே கலேகோய், பழைய பேர் சிமேனா. ரோடே கிடையாது, படகு இல்லேன்னா நடந்துதான் போகணும். உச்சியில் கோட்டை, கோட்டைக்குள்ள ஒரே பாறையில் குடைஞ்ச ஏழு வரிசைக் குட்டி அரங்கம். படி செங்குத்து. அம்மா கீழே படகுத்துறையிலேயே உட்காரட்டும். தண்ணிக்கு நடுவில் தனியா நிக்கிற கல்லறைப் பெட்டி அங்கிருந்து தெரியும், வீட்டில் பண்ணின ஐஸ்கிரீமும் கிடைக்கும்.

தெம்ரே வழியா போனா மீறா. அங்கே கிறிஸ்துமஸ் தாத்தா ஆகிப்போன நிக்கோலாஸ் ஆயரின் கோயில் இருக்கு, எலும்பை 1087இல் இத்தாலியின் பாரி ஊர்க்காரங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. கோயில் இப்போதைய தரையிலிருந்து பல மீட்டர் பள்ளத்தில் இருக்கும். அது இறங்கலை, ஆற்று வண்டல் ஊரை மேலே தூக்கிடுச்சு. என் மனைவிக்கு அங்கே கண் கலங்கிடுச்சு, எனக்கு வண்டல். அவளுக்கு இந்தக் கரையே பைபிள் வழியாத்தான் பழக்கம். அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் இறங்கின பெர்கே, கப்பல் ஏறின அத்தலியா (இப்போதைய அந்தால்யா), கப்பல் மாறின பத்தாராவும் மீறாவும் எல்லாம் நீங்க போற அதே ஊர்கள்தான்.


தேன்சிட்டு:

போயிட்டு வந்து பத்து நாளாச்சு. கடன் தீர்க்க வந்தேன்.

சிராலியில் ஒரு நாள் முழுக்க மழை, பாசெலிஸ் போக முடியலை. சண்டை வராத ஒரே ஊர் போச்சுன்னு அம்மாகிட்ட சொன்னேன், அதுக்கே ஒரு சின்னச் சண்டை. பத்தாராவில் வெயில் திரும்பிடுச்சு, நான் கடலில் இருந்து வெளியே வரவே இல்லை. அம்மா சபை மண்டபத்தில் ஒரு மணி நேரம் தனியா உட்கார்ந்திருந்தாங்க. அதுக்குள்ள அங்கே வந்த ஒரு பள்ளிக்கூடக் கும்பல் அவங்களோட போட்டோ எடுத்துக்கிட்டிருக்கு. எல்லாரும் "தெய்ஸே, தெய்ஸே"ன்னு கூப்பிட்டாங்களாம். அம்மாகூடப் பிறந்தவங்களை அப்படித்தான் கூப்பிடுவாங்கன்னு விடுதிக்காரர் சொன்னதும் பெரியம்மாவா சித்தியான்னு தெளிவா கேட்டுச் சொல்லச் சொன்னாங்க. ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதானாம்.

லெத்தூனில் தவளை சத்தம் கேட்கலை, தண்ணி ஆமைதான் நாலு தூண் மேல ஏறி வெயில் காஞ்சுது. கெக்கோவாவில் அம்மா ஏமாறலை, அஞ்சாவது படியைப் பத்தி முன்னாடியே படிச்சுக் காட்டியிருந்தேன். படகுக்காரரை மூணு தடவை திருப்பிக்கிட்டு வரச் சொன்னாங்க. சிமேனாவில் நான் மட்டும் ஏறினேன். இறங்கி வந்தப்போ அம்மா ரெண்டாவது ஐஸ்கிரீமில் இருந்தாங்க.

முட்டியைப் பத்தி: இடிபாட்டுப் படி எதுவும் படுத்தலை. டோல்முஷ் வாசல் படிதான் உயரம். அடுத்துப் போறவங்க முன் சீட்டைக் கேட்டு வாங்கிக்குங்க.


பழைய_பாலம்:

எல்லாம் சரிம்மா, பாலத்தில் நிறுத்தினீங்களா?


தேன்சிட்டு:

நிறுத்தினோம் சார். நான் வளைவைத் தேடிக்கிட்டிருந்தேன், ஓட்டைக் கல்லை அம்மாதான் முதல்ல கண்டுபிடிச்சாங்க. டாக்சிக்காரர் அந்த வழியில் இருபது வருஷமா ஓட்டுறாராம், அவருக்கே தெரியலை. அம்மா கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டினாங்க. அவர் கல்லையும் அம்மாவையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, போனில் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.